ஸ்தனிஸ்லாஸ் மச்சானின் மூக்கு வண்டி

எங்கள் அக்காள் லூர்தம்மாளின் வீட்டுக்காரர் பெயர் ஸ்தனிஸ்லாஸ். கோயிலில் பெயர் வாசிக்கும்போது மட்டும்தான் அது முழுதாக வெளியே வரும். மற்றபடி மேட்டுப்பட்டியில் அவர் தனிசு; எனக்கு மச்சான். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைத்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியது கிடையாது. அவரிடம் இருந்த ஒரே வில்லங்கம் ஒரு ஜப்பான் கார்.

டட்சன் என்று பெயர். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. ஆள் உட்காருகிற இடம் கொஞ்சம்தான். முன்னால் மூக்கு மட்டும் நீளமாக நீண்டு கிடக்கும். அதனால் எங்கள் தெருவில் அதற்கு மூக்கு வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது. ரேஸ் கார் வைத்திருக்கிறவர் என்று கேள்விப்பட்டு, வெளியூர்க்காரர்கள் மச்சானைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் தகரக் கொட்டகையில், சக்கரத்துக்குப் பதில் செங்கல்லின் மேல் அது நின்றுகொண்டிருக்கும். ஏழு வருடம் அந்தக் கார் ஒரு அடிகூடத் தானாக நகரவில்லை.

மச்சானுக்குச் சொந்த ஊர் வெள்ளோடு பக்கம். கத்தரியும் தக்காளியும் போடுகிற குடும்பம். அவர் கைக்கு மண்வெட்டி ஒத்துவரவில்லை, ஸ்டியரிங் ஒத்துவந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் சிறுமலையில் ஜீப் ஓட்டினார். மேலேயிருந்து வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றி வந்து திண்டுக்கல் மண்டியில் இறக்குகிற வேலை. அந்த மலையில் ஒரு எஸ்டேட் முதலாளியிடம்தான் இந்தக் கார் இருந்தது. மெட்ராஸில் யாரோ கப்பலில் கொண்டுவந்ததை அவர் வாங்கியிருந்தார். அந்தக் கார் மலையேறினால் நாலு வளைவு கீழே இருக்கும்போதே சத்தம் மேலே வந்துவிடுமாம். மச்சான் ஜீப்பை ஓரம் கட்டி, இறங்கி நின்று பார்ப்பாராம்.

“மத்த வண்டியெல்லாம் ஏத்தத்துல மூச்சு வாங்கும் மாப்ள. அது பேசிக்கிட்டே ஏறும்” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

தொண்ணூற்று நாலில் அந்த முதலாளி வயதாகிப் போய் எஸ்டேட்டை விற்றுவிட்டார். கார் அதற்கு முன்பே பழுதாகி, மிளகு காயவைக்கிற களத்துக்குப் பக்கத்தில் சாக்குக்கு அடியில் கிடந்தது. வாங்கியவர்களுக்கு அந்த இடம் வேண்டும். “யாராவது எடுத்துட்டுப் போங்கப்பா” என்று முதலாளி ஜீப்காரர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் “நான் எடுத்துக்கிறேன்யா” என்றார். முதலாளி கையெழுத்துப் போட்டு முறைப்படி கொடுத்தார். கழற்றி வைத்த சாமான்கள் இருந்த ஒரு பிஸ்கட் டின்னையும் சேர்த்துக் கொடுத்தார்.

இஞ்சின் ஓடாமல், பிரேக் பிடிக்காமல் மலையிலிருந்து எப்படி இறக்குவது? காரின் பின்பக்கம் தடித்த வடக்கயிற்றைக் கட்டி, அதன் மறு நுனியை ஜீப்பின் முன்னால் கட்டினார்கள். கார் முன்னே இறங்க, இன்னொரு டிரைவர் ஓட்டும் ஜீப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வரவேண்டும். மச்சான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கயிறு அறுந்தால் சக்கரத்துக்கு அடியில் போட நான் ஒரு கட்டையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தேன். வழியெல்லாம் ஜெபமாலையும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதி மலையில் எதிரே பஸ் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏலே தனிசு, கன்னுக்குட்டிய முன்னால விட்டுட்டுக் கயித்தப் பின்னால புடிச்சிருக்கியே, எந்த ஊரு வழக்கம்லே?”

“பழகாத கன்னுண்ணே. விட்டா ஓடிரும்!” என்றார் மச்சான்.

வீட்டு வாசலில் அக்காள் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“காரு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“ஓட்டத்தான்.”

“ஓடுமா?”

“ஓடும்.”

“எப்ப?”

மச்சான் வடக்கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

மலை வேலையை விட்டு அவர் கான்வென்ட் வேனுக்கு வந்தது அந்த வருடம்தான். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, காப்பி குடித்த கையோடு கொட்டகைக்குள் போய்விடுவார். காருக்குள் உட்கார்ந்து குனிந்தால் தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, கொட்டகையின் தரை. அவ்வளவு துரு. அந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார். ஒயரை எலி தின்றிருந்தது. ஆட்டோவுக்குப் போடுகிற ஒயரை வாங்கி, ஒவ்வொன்றாக இழுத்து, எது எங்கே போகிறது என்று தாமே கண்டுபிடித்தார். பெட்ரோல் டேங்குக்குள் பிசின் மாதிரி அடை படிந்திருந்தது. மண்ணெண்ணெயும் பொடிக்கல்லும் உள்ளே போட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டினோம். பிரேக்குக்கு உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் வாசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினார். கல்யாணத்துக்குப் போனாலும் அந்த வாசர் பையில் இருக்கும்.

அந்த இஞ்சினுக்கு இரண்டு கார்பரேட்டர். “ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடணும் மாப்ள. ஒண்ணு மட்டும் இழுத்து, இன்னொண்ணு சும்மா கெடந்தா வண்டி உதறும். குடும்பம் மாதிரித்தான்” என்றார் ஒரு நாள்.

மாவுப் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் போன அக்காள் நின்றாள். “இந்த வீட்ல யாரு இழுக்குறா, யாரு சும்மா கெடக்கான்னு அந்தோனியாருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருக்கைகளைப் பேகம்பூரில் நசீம் பானு தைத்துக் கொடுத்தார். அந்த அம்மா ஆட்டோ, வேன்களுக்கு சீட் தைக்கிறவர். நம் ஊரில் தோலுக்கா பஞ்சம், ரெக்சின் வேண்டாம், நிஜத் தோலிலேயே தையுங்கள் என்று மச்சான் தோல் வாங்கிக் கொடுத்தார். “அண்ணே, இது புதுச்சாயம். ரெண்டு வெயில் பாக்கட்டும், அப்புறம் ஒக்காருங்க” என்று அந்த அம்மா சொல்லித்தான் அனுப்பினார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பி, வெள்ளை வேட்டியோடு செத்த நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது பின்னால் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேட்டியின் பின்புறம் செம்மண்ணில் உட்கார்ந்த குரங்கு மாதிரி இருந்தது. அந்த வேட்டியைக் கடைசிவரை காரைத் துடைக்கத்தான் வைத்திருந்தார்.

இப்படி வருடங்கள் போயின. மகள் படிப்பு முடிந்து நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அக்காள் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். முதலில் பக்கத்து வீட்டுக்கு மட்டும். பிறகு தெருவுக்கு. இரண்டாயிரத்தில் பார்த்தால் காலையிலேயே வாசலில் தூக்குச்சட்டி வரிசை நிற்கும். வீட்டுக் கிரைண்டர் சின்னது. நாலு தடவை அரைத்தால் மோட்டார் சூடாகிவிடும். பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பெரிய கிரைண்டர் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். அதை வைக்க இடம் வேண்டும். சுவரில் மின்சாரம் இழுத்து, தண்ணீர் போக வழி விட்டு, மேலே கூரையும் உள்ள இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது மூக்கு வண்டி நின்ற கொட்டகை.

“கொட்டகைய எனக்குக் குடுங்க” என்று அக்காள் கேட்ட அன்று நானும் அங்கே இருந்தேன்.

“வண்டிய எங்க நிறுத்த?”

“ஓடுற வண்டின்னா எங்க வேணாலும் நிறுத்தலாம். இது ஓடாதே. ஓடாத வண்டிக்குக் காருன்னு பேரு இல்லங்க, இரும்புன்னு பேரு.”

“இன்னும் கொஞ்ச வேலதான் லூர்து.”

“ஏழு வருசமாக் கொஞ்ச வேலதான். மனுசனுக்கு மரை கழண்டு போச்சுன்னு தெருவே சொல்லுது. எனக்கு வயசு ஏறுது. நாலு பேருக்கு இல்லேன்னு சொல்லாம மாவு குடுக்கணும்னு ஆச. அது தப்பா?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு என்று சொல்ல அவரால் முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அந்தோனியார் திருநாளுக்குள் வண்டி ஓடினால் கொட்டகை வண்டிக்கு. ஓடாவிட்டால் பழைய இரும்பு வாங்குகிற வீரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடலாம். கொட்டகை கிரைண்டருக்கு.

“இருதய ஆண்டவர் படத்த பாத்துச் சொல்லுங்க” என்றாள் அக்காள். அவர் படத்தைப் பார்த்துச் சொன்னார். அவளும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டு பேரும் அந்தோனியார் கெபிக்கு, குகை மாதிரி கல்லில் கட்டிய அந்தச் சின்னக் கோயிலுக்கு, போக ஆரம்பித்தார்கள். ஒன்றாகப் போகமாட்டார்கள். அவர் வேனை நிறுத்திவிட்டு முன்னால் முழங்காலில் இருப்பார்; அவள் பின்னால் வந்து இருப்பாள். அடுத்தவர் வேண்டுதலைக் காது கொடுத்துக் கேட்கக் கூடாது என்பதால் நான் கேட்டதில்லை.

திருநாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இஞ்சின் வேலையில் மிச்சம் இருந்தது அதன் தலை மட்டும். ஹெட் என்பார்கள். அலுமினியத்தால் ஆனது. அதன் பக்கவாட்டில் புகைக்குழாயைப் பிடிக்கிற போல்ட்டுகளின் துவாரங்கள் துருவும் கரியும் அடைத்துக் கிடந்தன. மச்சான் அதைப் பழனி ரோட்டில் பொம்மையனின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். பொம்மையன் அவரைவிட மூத்தவர். இரண்டு பேருக்கும் இருபது வருடப் பழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அளவு பேசுவது அங்குலத்தில்தான். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் லேத்துக்காரருக்கும் அதுதான் பேச்சு. ஜப்பான்காரனுக்கோ எல்லாம் மில்லிமீட்டர். இது மச்சானுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருடமாக மில்லி ஸ்பானர் பிடித்த கை. ஆனால் அன்று காலை வேனில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன, பள்ளி மணி அடிக்கப்போகிறது. பொம்மையன் அளவு கேட்டதும், மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்துப் போல்ட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லி, “எல்லா ஓட்டையிலயும் மரையச் சுத்தம் பண்ணி விட்டுருங்கண்ணே” என்று ஓடிவிட்டார்.

சாயங்காலம் ஹெட் பளபளவென்று வந்தது. மச்சான் சிலுவை போட்டுக்கொண்டு முதல் போல்ட்டை முடுக்கினார். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று இளகிவிட்டது. வெளியே இழுத்தால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் கம்பியாகச் சுருண்டு வந்தது. உள்ளே மரையே இல்லை. அடுத்த துவாரத்திலும் அப்படி. எல்லாவற்றிலும் அப்படித்தான். பத்து மில்லி மரை இருந்த துவாரத்தில் மூன்று நூல் டேப்பை, அதாவது மரை வெட்டுகிற கருவியை, விட்டுத் திருகியிருந்தார் பொம்மையன். பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு மாதிரிதான் இருக்கும். சுற்று மட்டும் வேறு.

அது மாதிரி ஹெட் இன்னொன்றை எங்கே போய்த் தேடுவது? அக்காள் கதவோரம் நின்று பார்த்தாள். வழக்கமாகச் சொல்கிற மரை கழண்ட பேச்சை அன்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டறை வாசலில் பெரிய சத்தம்.

“பத்து மில்லின்னு சொன்னேன். நூலு டேப்ப விட்டுக் கெடுத்துட்டீங்களே!”

“மூணு நூலுன்னு சொன்ன தனிசு.”

“நான் ஏன் சொல்றேன்? ஜப்பான் வண்டிக்கு நூலு கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நூலுன்னுதான் சொன்ன.”

“கேட்டுக்கும் போர்வெல்லுக்கும் பைப் சீவுற கையி. இது ஒங்களுக்கு எப்பிடிப் புரியும்!”

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மச்சான் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பொம்மையன் லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். “நீ வேனுக்குப் போ. பிள்ளைக காத்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார்.

மச்சான் பொய் சொல்லவில்லை. பத்து மில்லி என்று சொன்னதாகத்தான் அவர் நிஜமாகவே நம்பினார். இரண்டு நாள் கழித்துத்தான் அது உடைந்தது. கான்வென்ட்டில் பெஞ்சு ஒன்று கால் ஒடிந்து கிடந்தது. புதுச் சட்டத்துக்கு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று சிஸ்டர் அவரைக் கேட்டார். மச்சான் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒரு அங்குலம் மூணு நூலு இருந்தாப் போதும் சிஸ்டர்” என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். தன் வாய் பேசியதைத் தன் காது அப்போதுதான் கேட்டது. அவசரத்தில் அவருக்கு வருகிற பேச்சு அதுதான். ஸ்பானர் ஏழு வருடம் பிடித்தாலும் நாக்கு வெள்ளோட்டு நாக்கு.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பொம்மையன் நிமிரவில்லை.

“அண்ணே, மூணு நூலுன்னு சொன்னது நாந்தான்.” மச்சானின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்னது?”

“நாந்தான் சொன்னேன். தப்பு என்மேல.”

“அன்னைக்குச் சத்தம் போட்டப்ப பழனி ரோடே கேட்டுச்சு. இன்னைக்கு என்ன பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி குசுகுசுங்குற? எனக்குக் காது மந்தம் அப்பு.”

மச்சான் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றார். “மூணு நூலுன்னு சொன்னது நாந்தான்! பொம்மையண்ணன் மேல தப்பு இல்ல!” என்று உரக்கச் சொன்னார்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர், “என்னய்யா, மூணு நூலு ஏலமா? யாரும் கேக்கலையா?” என்றார். பொம்மையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவரும் சொன்னார்: “என் மேலயும் இருக்கு. ரெண்டு சுத்து விட்டதும் டேப்பு ஒரு மாதிரி கடிச்சுச்சு. நிறுத்திக் கேட்டிருக்கணும். கேக்கல. எடுத்துட்டு வா அந்தத் தலைய.”

கெட்டுப்போன துவாரங்களைப் பெரிதாக்கி, உள்ளே கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் புஷ் செய்து திருகலாம் என்றார். புஷ் என்றால் சின்னக் குழாய்த் துண்டு, வெளியிலும் மரை, உள்ளேயும் மரை. “வெளிப்பக்கம் நம்ம நூலுலயே போடுறேன், என் டேப்பு இருக்கு. உள்பக்கம் அவன் மில்லி. ஆளுக்கு ஒரு பக்கம் இருந்துக்கிறட்டும்.” மில்லி டேப்பை மட்டும் பைக் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு வாங்கினார். மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நான்கு நாள் அதே வேலையாக இருந்தார். ஒவ்வொரு புஷ்ஷையும் முடித்ததும் போல்ட்டை விரலாலேயே திருகி, கடைசிவரை போகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்.

திருநாளுக்கு முந்திய நாள் சாயங்காலம் எல்லாம் பூட்டி முடிந்தது. காரின் நாலு சக்கரமும் தரையைத் தொட்டன. பொம்மையன் வந்திருந்தார். வாசலில் வீரனும் மூன்று சக்கர வண்டியோடு வந்து நின்றார். மேலே தராசு, கயிறு, கடப்பாரை எல்லாம் இருந்தன.

“ஏப்பா வீரா, நாளைக்குத்தானே தவணை?” என்றார் மச்சான்.

“தெரியும்ணே. சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“தராசோடயா?”

“அது எப்பவும் வண்டியிலயே கெடக்கும்ணே. இறக்கி வச்சா வீட்ல பொம்பள வெங்காயம் நிறுத்துருவா.”

மச்சான் சாவியைத் திருப்பினார். இஞ்சின் முனகியது, ஒரு தடவை இருமியது, நின்றது. மறுபடியும். மறுபடியும். பேட்டரி வேனிலிருந்து கழற்றிய பழசு; கொஞ்ச நேரத்தில் அது களைத்துவிட்டது. வீரன் தராசுச் சங்கிலியைச் சத்தம் வராமல் ஒதுக்கி வைத்தார்.

“தள்ளிப் பாப்பம்” என்றார் பொம்மையன். வாசலுக்கு வெளியே தெரு சரிவாக இறங்கும். நான், பொம்மையன், வீரன் மூன்று பேரும் பின்னால் போய் நின்றோம். கொட்டகை வாசலில் சின்ன மேடு. வண்டி அதில் ஏறவில்லை. இரண்டு தடவை பாதி ஏறிப் பின்னால் உருண்டது.

மாவு கரைத்துக்கொண்டிருந்த அக்காள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் வந்து எங்களுக்கு நடுவில் நின்று வண்டியின் முதுகில் கையை ஊன்றினாள்.

“அக்கா, நீங்க எந்தக் கட்சி?” என்றார் வீரன்.

“பேசாமத் தள்ளு.”

மேடு தாண்டியது. தெருவில் இறங்கியதும் வண்டி தானே வேகம் பிடித்தது. மச்சான் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறியது. பட்டென்று ஒரு வெடி. அப்புறம் சத்தம் கிளம்பியது. கருப்புப் புகையை எங்கள் முகத்தில் கக்கிவிட்டு, தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. மறையும்வரை பின்பக்கத்து மஞ்சள் பெயிண்டில் அக்காளின் இரண்டு கையும் வெள்ளையாகப் பதிந்திருந்தது தெரிந்தது.

அவர் சிறுமலை அடிவாரம் வரைக்கும் போய், இரண்டு வளைவு ஏறி இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். இறங்கி, சாயம் பட்ட அந்த வேட்டியை எடுத்து வண்டியின் மூக்கைத் துடைத்தார். அக்காள் பக்கத்தில் வந்தாள்.

“ஓடிருச்சு. கொட்டகை ஒங்களுக்குத்தான்.” பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, கிரைண்டர்க்காரர்ட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்லிரு” என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. வந்த தூக்குச்சட்டிகளில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்ச மாவை அளந்து ஊற்றப் போய்விட்டாள்.

திருநாள் அன்று கெபியில் கூட்டம். கேட்டது கிடைத்தவர்கள் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது அங்கே வழக்கம். மச்சான் ஒரு கூடை ரொட்டியோடு போனார். பார்த்தால் அக்காளும் ஒரு கூடையோடு நிற்கிறாள்.

“நீ எதுக்கு ரொட்டி கொண்டாந்த? நீ கேட்டது நடக்கலையே.”

“நடந்துச்சே. நடந்தாக் குடுக்கணும்ல.”

“அப்பிடி என்ன கேட்ட?”

“‘அந்தோனியாரே, இந்த வண்டி போகணும்’னு கேட்டேன்.”

மச்சான் கொஞ்சம் யோசித்தார். “நானும் அதையேதான் கேட்டேன். ‘இந்த வண்டி போகணும்’னு.”

“நான் வீட்டவிட்டுப் போகணும்னு நெனச்சுக் கேட்டேன். வெவரமாச் சொல்லல. தொலஞ்ச பொருளத் தேடிக் குடுக்குறவரு அவரு. அவருகிட்டப் போயி ஒண்ணு தொலஞ்சு போகணும்னு கேக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. சொன்னத அவரு செஞ்சுட்டாரு. அவரக் குத்தம் சொல்ல முடியுமா?”

இரண்டு கூடை ரொட்டியும் தீர்ந்தது. சாமியார் வந்து வரிசையாக நின்ற வாகனங்களை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மூக்கு வண்டிமேலும் விழுந்தது. அன்று சாயங்காலம் மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மாவு கிடைக்காமல் திரும்பிப் போன தூக்குச்சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் என்னை வரச்சொன்னார். “கிரைண்டர்க்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டியா?”

“இன்னைக்குத்தான் சொல்லணும் மச்சான்.”

“சொல்லாத.”

அவர் பொம்மையனிடம் போய் இடம் கேட்டார். லேத் பட்டறைக்குப் பின்னால் கூரை போட்ட இடம் ஒன்று பழைய டிரம்களோடு கிடந்தது. “அதுக்கென்ன, விட்டுக்க” என்றார் பொம்மையன். “ஆனா ஞாயித்துக்கிழமையானா நீ இங்க வருவ. சின்ன வீடு வச்சிருக்கான்னு ஊரு சொல்லும். சமாளிச்சுக்குவியா?”

“லூர்துக்குத் தெரிஞ்ச சின்ன வீடுதானண்ணே.”

ஊர் சொல்லத்தான் செய்தது. பூசை முடிந்ததும் பழனி ரோட்டுப் பக்கம் அவர் போவதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வருடத்துக்கு ஒரு தடவை வண்டி சிறுமலை ஏறியது. பெட்ரோல் விற்ற விலையில் அதற்கு மேல் முடியாது. அக்காள் அதில் ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்தாள், சீட்டின் சாயத்துக்குப் பயந்து கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு.

கொட்டகையை அக்காளே நின்று கழுவிவிட்டாள். ஏழு வருட ஆயில் கறை எதற்கும் போகவில்லை. அதன்மேல் புதிதாகச் சிமெண்ட் பூசி, சுவருக்கு வெள்ளையடித்து, கிரைண்டரை இறக்கினார்கள். முதல் நாள் புழுங்கலரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. சாயங்காலம் வேனை விட்டுவிட்டு வந்த மச்சான், காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் பழக்கத்தில் நேரே கொட்டகைக்குள் நுழைந்தார்.

“செருப்பு!” என்று உள்ளேயிருந்து அக்காள் சத்தம் போட்டாள்.

மச்சான் பின்வாங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குழாயடியில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தின் கரியையும் தேய்த்து எடுத்துவிட்டு வந்தார்.

“இப்ப வரலாமா?”

அக்காள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். “வாங்க. அந்த அரிசி வாளியத் தூக்குங்க” என்றாள்.